இரண்டாம் மாடி வீட்டுக்கு நான் சொன்ன பதில்

12.6.95, திங்கள்

எழும்பியதும் முதல் வேலை படிக்கட்டு. இந்தக் கிழமை எங்கள் முறை, வீட்டுக்கு வீடு மாறும் துப்புரவு அட்டை சனிக்கிழமையே கதவுப் பிடியில் தொங்கியது. தேத்தண்ணிகூடக் குடிக்கவில்லை. மூன்றாம் மாடியிலிருந்து கீழ் வாசல்வரை கூட்டி, ஈரத்துணியால் துடைத்து முடிய ஆறேமுக்கால். வெளியே தூறல். ஜூன் மாதத்துக்குப் பொருந்தாத குளிர். கீழ் வீட்டு வாசலில் வழக்கம்போலச் சூரியகாந்தி விதைக் கோது. அந்த வீட்டுப் பெடியன் ஸ்வென்னின் வேலை.

செய்ய வேண்டியவை:
டிலானியின் பாடசாலைக் கடிதத்தில் கையெழுத்து.
லீக்ஸ், வெங்காயம், தேசிக்காய்.
இவருடைய வேலைச் சட்டை இரண்டு, பொத்தான்.
தங்கச்சிக்குக் கனடாவுக்கு ரெலிபோன் (ஞாயிறு, மலிவு நேரம்).

இரண்டாம் மாடியைத் துடைக்கும்போது வீட்டுக்காரி ஃப்ராவ் கெஸ்லர் வந்தார். ஈஸ்ரரிலிருந்து காலியாகக் கிடக்கும் வீட்டைத் திறந்து பார்த்தார். பெயின்ற் மணம். பிறகு கதவைச் சாத்திவிட்டுக் குரலைத் தாழ்த்தி என்னிடம் கேட்டார். வீட்டுக்கு இரண்டு பகுதியார் விண்ணப்பித்திருக்கிறார்களாம். ஒன்று, படிக்கிற இரண்டு பேர். மற்றது ஒரு கறுப்பு அமெரிக்கர், பேஸ்போல் ஆடுகிறவர், மனைவி ஜேர்மன்காரி, நாலு வயதில் பெண் குழந்தை.

யார் என்று உடனே தெரிந்தது. கேர்ட்டிஸ். மகள் டிலானி ஞாயிறுகளில் புள்ளி எழுதப் போகும் கழகத்தின் பந்து எறிகாரர். இரண்டு வருடமாக எங்கள் சாப்பாட்டு மேசையில் அந்தப் பெயர்தான்.

மற்ற வீடுகளில் கேட்டுவிட்டாராம், ஒருவருக்கும் மறுப்பில்லையாம். நீங்களும் சரி என்றால் எனக்கும் சரி என்றார். உங்களுக்கே ஆட்சேபணை இருந்தால் என்னை ஒருவரும் குறை சொல்ல முடியாது, இல்லையா என்று சிரித்தார்.

சரி என்று சொல்லியிருக்கலாம். ஒரு சொல்.

நான் சொன்னது: எங்கள் வீட்டில் வளர்ந்த பெண்பிள்ளை இருக்கிறாள்.

தயங்கவில்லை. வாய் முதலே ஆயத்தமாக இருந்ததுபோல. அவர் தலையை ஆட்டி என் முழங்கையைத் தொட்டார். விளங்குது, இதற்கு மேல் சொல்லத் தேவையில்லை என்றார். இறங்கிப் போனார்.

இரண்டாம் மாடியை இன்னொருமுறை துடைத்தேன். ஏற்கெனவே துடைத்த இடம்.

இரவு வேலைக்கு வெளிக்கிடமுன் இவரிடம் சொன்னேன். சோற்றைப் பிசைந்தபடி, "நல்ல வேலை செய்தாய். காப்பிலியோட ஒரே படியில ஏறி இறங்கினால் சனம் சும்மா இருக்குமே" என்றார். கறுப்பரை இழிவாகச் சொல்லும் அந்தச் சொல் வீட்டில் வேண்டாம் என்று டி. போன வருடம் சண்டை பிடித்தவள். அவள் அறைக்குள் இருந்தாள், கேட்கவில்லை. இவர் சொன்னது எனக்கு ஆறுதலாக இருந்தது. அதையும் எழுதிவைக்கிறேன்.


13.6, செவ்வாய்

மழை விட்டுவிட்டது. வேலையில் (முதியோர் இல்லச் சமையலறை) உருளைக்கிழங்கு இயந்திரம் மறுபடி பழுது, நாலு பேர் கையால் உரித்தோம். பெருவிரலில் வெட்டு. பதினாலாம் அறைக் கிழவர் இன்றும் என்னை "இந்திராணி" என்று கூப்பிட்டார். இந்தியப் பெயர் அவருக்கு அது ஒன்றுதான் தெரியும்.

வரும்போது வாசலில் ஸ்வென். பையை வாங்கி மூன்றாம் மாடிவரை கொண்டுவந்து வைத்தான். வேண்டாம் என்றாலும் விடவில்லை. முகம் முழுக்கச் சிரிப்பு. கேர்ட்டிஸ் எங்கள் கட்டடத்துக்கு வரப்போகிறார் தெரியுமா என்றான். வீடு காலி என்று அவருக்குச் சொன்னதே இவன்தானாம். இவனுடைய தாய் முதலில் மாட்டேன் என்றாராம், கறுப்பர் வந்தால் சத்தம், ஆட்கள், அது இது என்று. இரண்டு நாள் தாயோடு கதைக்காமல், சமைத்ததைச் சாப்பிடாமல் இருந்து அவரைச் சம்மதிக்க வைத்தானாம். கெஸ்லரிடம் தாயே போய்ச் சரி என்று சொன்னாராம்.

தேத்தண்ணி கொடுத்தேன். பால் கூட விட்டு.

இந்த ஸ்வென் யார் என்று எனக்கு மறக்காது. மூன்று வருடத்துக்கு முன் பஸ் தரிப்பில் மொட்டைத் தலை, கனத்த சப்பாத்து, கூட நாலு பேர். உன்ரை நாட்டுக்குப் போ என்று கத்தி, கோலாப் பேணியை எறிந்தான். என் பாவாடையில் பட்டது. அன்றிலிருந்து அந்தத் தரிப்பில் நான் ஏறுவதில்லை. அடுத்ததுக்கு ஒன்பது நிமிடம் நடக்கிறேன், இன்றைக்கும்.

எப்படி மாறினான் என்பதை டி. துண்டு துண்டாகச் சொல்லியிருக்கிறாள். அந்த ஐந்து பேரும் மைதானத்துக்கு முதல் வந்தது கேர்ட்டிஸைப் பார்த்துக் கூவத்தான். கம்பி வேலிக்குப் பின்னால் நின்று குரங்குச் சத்தம். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. அன்றைக்கு எறிந்த எறியில் எதிரணி ஒருவராலும் தொட முடியவில்லை, பந்து கண்ணுக்கே தெரியவில்லை என்று டி. சொல்வாள். ஐந்து பேரும் பாதியில் வாயை மூடிவிட்டார்கள். அடுத்த ஞாயிறு மறுபடி வந்தார்கள். கூவ அல்ல, பார்க்க. அதற்கடுத்த ஞாயிறு தொப்பி. பிறகு அவரைப்போல நடை, அவரைப்போலத் தோளைச் சாய்த்து நிற்பது, அவரைப்போல விதை கடித்துத் துப்புவது. யாரும் உட்காரவைத்துப் புத்தி சொல்லவில்லை. ஒருவர் ஒரு வேலையை வடிவாகச் செய்வதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள், அவ்வளவுதான்.

ஆனால் முதல் வருடம் முழுக்க, "கேர்ட்டிஸ் மற்றவை மாதிரி இல்லை" என்றுதான் ஸ்வென் சொல்வானாம். எந்த மற்றவை, நாங்களா என்று டி. கேட்டாளாம். கொஞ்சக் காலத்தில் அப்படிச் சொல்வதை விட்டுவிட்டானாம்.

கெஸ்லர் என்னிடம் கேட்டதும் நான் "மற்றவை மாதிரி இல்லை" என்பதால்தான். பத்து வருடமாக உழைத்துச் சம்பாதித்த பெயர். அதை நேற்று எதற்குச் செலவழித்தேன்.


14.6, புதன்

வெயில். கடைசியில்.

காலையில் டி. சீப்பால் தலை இழுத்துக்கொண்டே, "அம்மா, நீங்கள் ஃப்ராவ் கெஸ்லரோட ஒருக்கால் கதையுங்கோவன், உங்கட சொல்லை அவ கேப்பா" என்றாள்.

"பாப்பம்."

"பாப்பம் எண்டு சொல்லாதேங்கோ. நான் கேர்ட்டிஸுக்குச் சொல்லிப்போட்டன், அம்மா கதைப்பா எண்டு."

ஓம் என்றேன். திங்கட்கிழமை சொன்னது ஒன்று, இன்றைக்கு இந்த ஓம் இரண்டு.

நாளைக்கு விடுமுறை, திவ்விய நற்கருணைத் திருநாள். காலை சுற்றுப்பிரகாரம், பின்னேரம் ஆட்டம். ஒருமுறையாவது வாங்கோ என்று டி. இரண்டு வருடமாகக் கேட்கிறாள். வாறன் என்றேன். றோல்ஸ் செய்துகொண்டு வாறன் என்றும் சொன்னேன். யாரைச் சமாதானப்படுத்த என்று தெரியவில்லை. நாற்பது றோல்ஸ், கிழங்கும் ரின்மீனும் வைத்துச் சுருட்டிப் பொரிக்க.


15.6, வியாழன்

றோல்ஸ் நாற்பத்திரண்டு வந்தது. இரண்டு வெடித்தது.

சுற்றுப்பிரகாரத்தில் நல்ல சனம். எங்கள் ஆட்கள் பதினைந்து குடும்பம் வரை. சேலை, குடை. ஜெபம் சொல்லும்போது மனம் நிற்கவில்லை.

மைதானத்துக்கு, ஆற்றுக்கு மேலே தொங்கியபடி ஓடும் தொங்குரயிலில் ஏறி, பிறகு மேட்டில் நடக்கவேண்டும். உண்மையில் ஒரு புல்வெளி, ஒரு கம்பி வேலி, நாலு வாங்கு. இதற்கா இவ்வளவு கதை என்று நினைத்தேன். டி. மேசை போட்டு உட்கார்ந்திருந்தாள், பென்சில் மூன்று, அழிறப்பர், கட்டம் கட்டமாகப் பெரிய புத்தகம். பெரிய ஆட்கள் வந்து அவளிடம் எத்தனை என்று கேட்டுப் போகிறார்கள். வீட்டில் ஒரு கோப்பை கழுவச் சொன்னால் மூன்று தரம் சொல்லவேண்டிய பிள்ளை. பார்த்துக்கொண்டே இருந்தேன்.

கேர்ட்டிஸ் வந்து குனிந்து கை தந்தார். நான் நினைத்ததைவிட வயது கூட, நாற்பதை ஒட்டும். முன்பு இங்கே அமெரிக்க முகாமில் ஆமிக்காரர், முகாம் மூடியபின் போகாமல் நின்றவர். இப்போது பார்சல் ஏற்றும் வேலை. டிலானியின் அம்மாவா, உங்கள் மகள் பிழையே விடுவதில்லை, எனக்கு அவளிடம்தான் பயம் என்றார். அவர் பேசும் ஜேர்மன் எனக்கு வசதியாக இருந்தது. என்னுடையதைப்போல மெல்ல நடக்கிறது.

மனைவி பெட்ரா பக்கத்தில் உட்கார்ந்தார். குழந்தை என் சேலைக் கரையைப் பிடித்து அதிலுள்ள மயில்களை எண்ணியது. இப்போது இருப்பது ஒரே அறை, நாலு பேர் முடியாது என்றார் பெட்ரா. அடுத்த குழந்தை டிசம்பரில். பதினொரு வீடு பார்த்தார்களாம். ரெலிபோனில் பெட்ரா கதைத்தால் வாங்கோ என்பார்களாம், கேர்ட்டிஸ் போய் நின்றால் இப்பத்தான் கொடுத்துப்போட்டம் என்பார்களாம். எங்களுக்கும் 85இல் இதேதான். எனக்கும் அப்படி நடந்தது என்று அவரிடம் சொல்ல வாய்வரை வந்தது. எந்த முகத்தோடு சொல்வது.

றோல்ஸ் டப்பாவைத் திறந்தேன். ஸ்வென்னும் கூட்டாளிகளும் கையை நேரே டப்பாவுக்குள் விட்டு இரண்டு மூன்றாக எடுத்தார்கள். பெட்ரா எடுத்தார். கேர்ட்டிஸ் கையை நீட்டினார். நான் டப்பாவைக் கொஞ்சம் பின்னால் இழுத்து, கடதாசித் துண்டில் இரண்டை எடுத்து வைத்து, அவர் கையில் கொடுத்தேன்.

யோசித்துச் செய்யவில்லை. செய்து முடிந்த பிறகுதான் என் கையைக் கண்டேன். அவர் நன்றி சொல்லிச் சாப்பிட்டார், நல்ல உறைப்பு என்றார்.

ஊரில் எங்கள் கிணற்றடிக்குப் பின்னால் ஒரு தகரப் பேணி தனியாகத் தொங்கும், கூலி வேலைக்கு வருகிறவர்கள் தண்ணீர் குடிக்க. அதைப் பற்றி யாரும் எனக்கு விளக்கவில்லை, பார்த்தே தெரிந்துகொண்டேன். பல்கலைக்கழகத்தில் அந்தப் பேணிக்கு எதிராக மேடையில் பேசிக் கைதட்டு வாங்கினேன். கை மட்டும் அந்தப் பேச்சைக் கேட்கவில்லைப்போல.

ஆட்டம். கிரிக்கெட் போலப் பந்து நிலத்தில் குத்துவதில்லை. அவர் காலைத் தூக்கி, ஒரு கணம் அசையாமல் நிற்கிறார். மைதானம் முழுக்க அவரோடு மூச்சைப் பிடிக்கிறது. பிறகு கையுறையில் பந்து விழும் சத்தம் மட்டும். எனக்கும் விளங்கியது, அந்தப் பெடியன்களுக்கு என்ன நடந்தது என்று.

பாதியில் வேலிக்குப் பின்னால் வெளியூர்ப் பெடியன்கள் இரண்டு பேர் அந்தக் குரங்குச் சத்தத்தைத் தொடங்கினார்கள். நான் குனிந்துவிட்டேன். ஸ்வென் எழும்பினான், மற்ற நாலு பேரும் எழும்பினார்கள். அடிதடி என்று பயந்தேன். நடந்து போய், அந்த இரண்டு பேரையும் நடுவில் விட்டு, இந்தப் பக்கம் மூன்று அந்தப் பக்கம் இரண்டாக ஒட்டி உட்கார்ந்தார்கள். விதை கடித்துத் துப்பிக்கொண்டே ஆட்டத்தைப் பார்த்தார்கள். சத்தம் நின்றது. தூரத்திலிருந்தே ஸ்வென்னின் காது சிவந்து தெரிந்தது. பிறகு டி.யிடம் சொன்னானாம், நானும் இதே கம்பியில்தான் நின்றேன் என்று.

முடிந்த பிறகு கேர்ட்டிஸ் என் பக்கத்தில் உட்கார்ந்து சப்பாத்தைக் கழற்றினார். அவருடைய தகப்பன் சின்ன வயதில் ஒரு வெள்ளைக்காரர் வீட்டில் புல்லு வெட்டப் போவாராம். அந்த வீட்டுப் பெடியன் கறுப்பு ஆட்டக்காரர்களின் படத்தைத் தன் அறைச் சுவர் முழுக்க ஒட்டியிருந்தானாம். வா, காட்டுறன் என்று இவருடைய தகப்பனைக் கூப்பிட்டானாம். பின் கதவால்தான் போகவேண்டியிருந்ததாம். சொல்லிவிட்டுச் சிரித்தார். அந்தப் பெடியன் வளர்ந்த பிறகு முன் கதவைத் திறந்தான், அதற்கு அவனுடைய தகப்பன் சாகவேண்டியிருந்தது என்றார். பிறகு, நீங்கள் எங்களுக்காகக் கதைப்பதாக டிலானி சொன்னாள், நன்றி என்றார்.

பரவாயில்லை என்றேன். பரவாயில்லை என்று ஜேர்மனில் சொல்ல நாலு வழி இருக்கிறது, நான் ஆக மரியாதையானதைச் சொன்னேன்.

ரயிலில் டி.: "அம்மா, ஏன் அவருக்கு மட்டும் எடுத்துக் குடுத்தனீங்கள்?"

"பெரிய மனிசன், மரியாதைக்கு."

"பெட்ராவும் பெரிய மனிசிதான்."

ஆற்றையே பார்த்துக்கொண்டு வந்தாள்.


16.6, வெள்ளி

பின்னேரம் நாலரை. டி. பையை எறிந்துவிட்டு அழுதாள். கெஸ்லர் பெட்ராவுக்கு ரெலிபோன் எடுத்தாராம். மன்னிக்கவேண்டும், கட்டடத்தில் ஒருவருக்கு விருப்பமில்லை, வீடு படிக்கிற பிள்ளைகளுக்கு. மறுப்புக் கடிதம் திங்கட்கிழமை மத்தியானத் தபாலில் போடுவாராம்.

"யார் எண்டு எனக்குத் தெரியும். ஸ்வென்ரை அம்மா. முன்னால ஓம் எண்டுட்டுப் பின்னால போய் இல்லையெண்டு சொல்லியிருக்கிறா. இவையள் எல்லாரும் இப்பிடித்தான்."

அப்பிடிச் சொல்லாதை என்றேன்.

"ஏன் சொல்லக்கூடாது? நீங்கள் எப்பவும் அவையளுக்குத்தான் பரிஞ்சு பேசுவியள்."

கீழே கதவு அடிக்கும் சத்தம். ஸ்வென் தாயைப் பார்த்துக் கத்துவது படிக்கட்டு முழுக்கக் கேட்டது. பொய்க்காரி என்றான். தாய் என்ன சொன்னார் என்று கேட்கவில்லை, அழுகை மட்டும். நான் சமையலறையில் கத்தரிக்காய் வெட்டிக்கொண்டு நின்றேன். தேவைக்கு அதிகமாக வெட்டிவிட்டேன், நாளைக்கும் அதுதான்.


17.6, சனி

வானம் மப்பு. தலையிடி.

இன்று அட்டையை அடுத்த வீட்டுக்குக் கொடுக்கவேண்டும். அடுத்தது கீழ் வீடு. பிடியில் கொழுவிவிட்டுத் திரும்ப நினைத்தேன். அதற்குள் கதவு திறந்தது. ஃப்ராவ் பிரான்ட், ஸ்வென்னின் தாய். பேக்கரியில் வேலை, விடியற்காலை மூன்றுக்குப் போகிறவர். கண் வீங்கியிருந்தது. இரவு பெடியன் வீட்டுக்கு வரவில்லையாம், கூட்டாளி வீட்டில் படுத்தானாம்.

முதலில் நான் மாட்டேன் என்றது உண்மை, வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் பிறகு நானே போய்ச் சரி என்று சொன்னேன், அதை என் பிள்ளையே நம்பவில்லை என்றார். பத்து வருடத்தில் அவரும் நானும் கதைத்தது வணக்கம், காலநிலை, குப்பைத்தொட்டி. இப்போது என் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். நீங்களாவது நம்புகிறீர்களா என்று கேட்டார்.

நம்புகிறேன் என்றேன்.

இந்தக் கட்டடத்தில் அவரை உறுதியாக நம்பக்கூடிய ஒரே ஆள் நான்தான். அவர் எனக்கு நன்றி சொன்னார். நான் மூன்று மாடியும் ஏறி வந்து, குளியலறையைப் பூட்டிக்கொண்டு, தண்ணீரைத் திறந்துவிட்டு இருந்தேன்.

இவர் எழும்பியதும் சொன்னேன், கீழ் வீட்டு மனிசி பாவம் என்று. "அவங்கள் தங்களுக்க அடிபடட்டும். நீ வாயைத் திறவாதை. தப்பினது பெரிய காரியம்."

அவருடைய வேலைச் சட்டையை எடுத்துப் பொத்தான் தைக்கத் தொடங்கினேன்.


18.6, ஞாயிறு

மாதத் தமிழ்ப் பூசை. பாவசங்கீர்த்தனத்துக்கு ஏழெட்டுப் பேர் வரிசை, நானும் போய் நின்றேன். எனக்கு முன்னால் இரண்டு பேர் இருக்கும்போது விலகி வந்துவிட்டேன். சுவாமியார் இங்கத்தைய ஆள் இல்லை, வேறு நகரத்திலிருந்து காரில் வருகிறவர். கேட்டு, மன்னித்து, பத்து அருள்நிறை மந்திரம் சொல்லச் சொல்லி, பின்னேரம் திரும்பிப் போய்விடுவார். பிரான்ட் மனிசி அதே கதவுக்குப் பின்னால்தான் இருப்பார்.

தங்கச்சிக்கு ரெலிபோன் எடுக்கவில்லை.

டி. ஆட்டத்துக்குப் போய் வந்தாள். தோல்வி. கேர்ட்டிஸ் எறிந்தது சரியில்லையாம், மூன்றாம் சுற்றிலேயே வெளியே எடுத்துவிட்டார்கள். ஸ்வென் தாயிடம் இன்னும் போகவில்லையாம். இனி அந்த மனிசிக்கு வணக்கம் சொல்லமாட்டேன் என்கிறாள் டி. உப்பைத் தா என்பதுபோலச் சாதாரணமாகச் சொல்கிறாள். அவளுக்குப் பதினைந்து வயது. என்னைப்போலவே வெகு உறுதியாகப் பிழை விடுகிறாள்.

என்ன சொல்வது என்று ஜேர்மனில் எழுதிப் பார்த்தேன், மூன்று தரம். மூன்றும் வேலைக்கு விண்ணப்பம்போல வந்தது. கிழித்துவிட்டேன். வளர்ந்த பிள்ளை இருக்கிறாள் என்பது காரணமே இல்லை. மணமாகி, குழந்தையோடு, மனைவியோடு வருகிற மனிதர். வெள்ளைக்காரராக இருந்தால் அந்த வசனம் என் வாயில் வந்திருக்காது. அதைத்தான் சொல்லவேண்டும், அதே சொற்களில். பிறகு டி. என்னை என்ன சொல்லிக் கூப்பிடுவாள் என்று தெரியாது. இவர் எத்தனை மாதம் முகம் கொடுத்துக் கதைக்கமாட்டார் என்று தெரியும்.

நாளை வேலைக்கு வயிற்றுவலி என்று சொல்வேன். கெஸ்லர் வீட்டுக்கு எட்டுக்குப் போனால் போதும், கடிதம் மத்தியானம்தான் தபாலுக்குப் போகும். வீடு கிடைக்குமோ கிடைக்காதோ, அது அவர் கையில்.

அதற்கு முதல் கீழ் வீடு. பிரான்ட் மனிசிக்கு நாளை ஓய்வு. ஸ்வென் பாடசாலைப் பையை எடுக்க ஆறரைக்கு வருவான் என்று டி. சொன்னாள். அவன் நிற்கும்போதே சொல்லவேண்டும். டிலானியையும் எழுப்பிக் கூட்டிக்கொண்டு போவேன். எதற்கு என்று சொல்லமாட்டேன். பக்கத்தில் நின்று கேட்கட்டும்.

இவர் வேலை முடிந்து வர ஏழேகால். அதற்கு முதல்.